மாப்பிள்ளை பூட்டிய சாய்தளம்

சாய்தளம் வாசலைத் தாண்டி வெளியே போகவில்லை. துண்டு துண்டாகப் பெட்டியில் வந்ததைக் கூடத்தில் உட்கார்ந்து பூட்டி முடித்து, நிமிர்ந்து பார்த்த பிறகுதான் கண்ணாடிக்காரருக்கு அது தெரிந்தது. வாசல் ஒடுக்கம், அலுமினியத் தளம் அகலம்.

"உள்ளேயே வச்சுப் பூட்டினா எப்படிங்க வெளியே போகும்?" என்று கேட்டாள் மனைவி.

"வெளியே தூறுதுல்ல" என்றார் அவர்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். கடுகளவு திருகைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு முறுக்குவார். வீட்டு வேலை என்றால்தான் கை சொன்ன பேச்சைக் கேட்காது. ஒருமுறை அவர் சுவரில் மாட்டிய அலமாரி, நேராக மாமியாரின் தோளில் இறங்கியது. அந்த மாமியார்தான் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, இன்று மாலை வீடு திரும்புகிறார். சக்கர நாற்காலி ஏற வாசற்படியில் மாப்பிள்ளையே சாய்தளம் போடுகிறார் என்று கேள்விப்பட்டு, ஆள் வைத்துச் செய்யக் கூடாதா என்று மகளிடம் மெல்லக் கேட்டிருக்கிறார். அது காதில் விழுந்ததும் கண்ணாடிக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது.

எல்லாவற்றையும் கழற்றினார். தூறல் விட்டதும் வெளியே போய், வாசலையொட்டி முதலில் மேடையைப் பொருத்தினார். கச்சிதமாக உட்கார்ந்தது. சாத்தியிருந்த கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உள்ளேயிருந்து மனைவி தள்ளிப் பார்த்தாள். கதவு மேடையில் இடித்துக்கொண்டு அசைய மறுத்தது. வேறு வழியில்லாமல் கீலைக் கழற்றிக் கதவையே பெயர்த்துச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"இப்ப நல்லாக் காத்து வரும் பாரு" என்றார், கதவில்லாத வாசலில் நின்ற மனைவியிடம்.

அடுத்தது சரிவு. நேராக விட்டால் தெருவுக்குப் போய் நின்றது. இடப்பக்கம் திருப்பினால் பக்கத்து வீட்டு மதில் மறித்தது. வலப்பக்கம் திருப்பினார். அழகாக வளைந்து, வழுக்கிக்கொண்டு போய்த் தரையைத் தொட்டது. கைப்பிடிகளையும் மாட்டிவிட்டு, மாமியாரை அழைத்துவரக் கார் சாவியை எடுத்தார்.

கார் சாய்தளத்துக்கு அந்தப் பக்கம், தெருவுக்கு வர வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருந்தது.

மனைவி காரைப் பார்த்தாள். சாய்தளத்தைப் பார்த்தாள். கணவனையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, அவர்கள் வேனிலேயே அம்மாவை அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொண்டாள்.

வேன் வருவதற்குள் சோதனை நடந்தது. சக்கரம் வைத்த மேசை நாற்காலியில் கண்ணாடிக்காரர் உட்கார, மனைவி பின்னாலிருந்து தள்ளினாள். தளம் ஆடவில்லை, கிறீச்சிடவில்லை, வளைவில்கூட முனகவில்லை. மேலே வந்து சேர்ந்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள்.

மாலையில் வேன் வந்தது. டிரைவர் சக்கர நாற்காலியோடு மாமியாரை இறக்கிவைத்தார். மாமியார் சாய்தளத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். கதவைக் காணாத வாசலையும் பார்த்தார். நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு, "தள்ளுங்க மாப்பிள்ளை" என்றார்.

கண்ணாடிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினார். நாற்காலி வழுவழுவென்று ஏறியது, வளைவில் திரும்பியது, வாசலைத் தாண்டிக் கூடத்துக்குள் போய் நின்றது. மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் கைதட்டினார்கள்.

"தண்ணியில படகு போற மாதிரி இருந்தது மாப்பிள்ளை" என்றார் மாமியார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயிலிருந்து மாப்பிள்ளைக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. கண்ணாடிக்காரருக்குச் சட்டைப் பொத்தான் தெறித்துவிடும்போல நெஞ்சு நிமிர்ந்தது. குடிக்கத் தண்ணீர் கொண்டுவர உள்ளே ஓடினார்.

திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. டிரைவர் அதை மடக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா ஒரு வாரமா நல்லா நடக்கறாங்க சார். 'மாப்பிள்ளை அவ்வளவு கஷ்டப்பட்டுப் பூட்டியிருக்காரு, நான் நடந்து போய் நின்னா அவர் முகம் வாடிடும்'னு சொல்லி, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் இதை இரவல் வாங்கிட்டு வந்தாங்க."