நைலோன் கயிற்றில் தொங்கிய சைலன்சர்

கார் சத்தம் போடுவது பெரிய பிரச்சினையே இல்லை. அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வீட்டில் ஒருத்தி இருப்பதுதான் பிரச்சினை. பேசாலையில், எங்கள் வீட்டில், அந்த ஒருத்தி நான்.

அக்காவின் கலியாணத்துக்காகக் கம்பஸ் லீவில் வந்திருந்தேன். மாப்பிள்ளைக்கு ஊர் வங்காலை, கலியாணப் பூசையும் அங்கேதான். பொம்பிளையான அக்காவை ஏற்றிப்போக வேண்டியது அப்பாவின் பழைய வெள்ளைக் கார். அது அதுவரை ஒரு நடமாடும் சுருவக்கூடு. கண்ணாடியில் செபமாலைகள், டாஷ்போட்டில் மாதா சிலை, அவருக்கு நெருக்கமாக அந்தோனியார், மிச்ச இடத்தில் மடு மாதா கோயிலிலிருந்து அள்ளிவந்த மண் நிரப்பிய தகரப் பால்மா ரின். (மடு மண் இருக்கும் இடத்தில் பாம்பு அண்டாது. காருக்குள் ஏன் பாம்பு வருகிறது என்று அம்மாவிடம் கேட்கக் கூடாது.) கலியாணக் கார் பளிச்சென்று இருக்க வேண்டாமா? எல்லாவற்றையும் இறக்கி அலுமாரிக்குள் வைத்தேன். அம்மா அலுமாரிச் சாவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். அதை என் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாளே சத்தம் தொடங்கியது. சும்மா நின்றால் இல்லை. மெதுவாக ஓடினால் இல்லை. அக்சிலேற்றரை மிதித்தால் மட்டும் பின்பக்கத்தில் ஏதோ ஒன்று உருண்டு, "டங்".

"மெக்கானிக்கிட்ட காட்டுவம்," என்றார் அப்பா.

"என்னத்துக்கப்பா? நான் இருக்கிறன்தானே."

இணையத்தில் வீடியோ பார்த்துவிட்டு இருதய ஆபரேஷனுக்கே கையைக் கழுவும் வயது அது. வேகமெடுக்கும்போது பின்னால் சத்தம் வந்தால் சைலன்சரைத் தாங்கும் ரப்பரைப் பார் என்று ஒரு வீடியோ சொன்னது. காருக்கடியில் ஊர்ந்து போய்ப் பார்த்தேன். ரப்பரில் மெல்லிய வெடிப்பு! அமெரிக்காவைக் கண்டுபிடித்தவன்கூட அவ்வளவு சத்தமாகக் கத்தியிருக்க மாட்டான்.

ரப்பரை வெட்டி எறிந்தேன். புதிய ரப்பருக்கு மன்னார் ரவுனுக்குப் போக வேண்டும். எதற்கு? சித்தப்பாவின் படகில் நல்ல நைலோன் கயிறு இருந்தது. எங்கள் ஊரில் கேற், அலுமாரிக் கதவு, ஆடுகிற கதிரை எல்லாமே அந்தக் கயிற்றில்தான் உயிர்வாழ்கின்றன.

"கச்சான் காத்துக்கே அறாத கயிறு பிள்ளை," என்று சித்தப்பா தானே முடிச்சையும் போட்டுத் தந்தார். படகு சூடாகாது, சைலன்சர் சூடாகும் என்ற சின்ன வித்தியாசம், பௌதிகவியல் படித்த எனக்கும் தோன்றவில்லை, பிறந்ததிலிருந்து எஞ்சினோடு கிடக்கிற அவருக்கும் தோன்றவில்லை.

பிறகு பரிசோதனை ஓட்டம். அப்பா ஓட்டினார். அம்மா பின்சீட்டில். சித்தப்பா, காது கூர்மையானவர் என்பதால், டிக்கிக்குள்.

"அம்மா, ஏதும் கேக்குதோ?"

"எனக்கொண்டும் கேக்கேல்லை." பதில் கேள்வியை முந்திக்கொண்டு வந்தது.

"சித்தப்பா?"

"என்ர எலும்புச் சத்தம்தான் கேக்குது. திறந்து விடடி!"

சத்தம் நின்றுவிட்டது. இரவுச் சாப்பாட்டில் எனக்கு ஒரு பெரிய துண்டு மீன் அதிகமாகக் கிடைத்தது.

கலியாணத்தன்று காலை வங்காலை ஃபாதர் போன் எடுத்து எச்சரித்தார்: "எனக்கு அடுத்த கோயில்லயும் பூசை கிடக்கு. பொம்பிளை பிந்தினா, வந்த ஆக்களை வச்சுத் தொடங்குவன்." அப்பா அக்சிலேற்றரை மிதித்தார்.

டங்.

வெள்ளை உடுப்புக்குள்ளிருந்து அக்கா கேட்டாள்: "எடியே, திருத்தினனான் எண்டாய்?"

"அப்பா, இன்னும் கொஞ்சம் மிதியுங்கோ. கேட்டுப் பாப்பம்."

மிதித்தார். மன்னார்ப் பாலத்தில் ஏறும்போது பிளாஸ்ரிக் கருகுகிற மணம் வந்தது. அடுத்த கணம் சைலன்சர் தெருவில் இழுபட்டுப் பொறி பறந்தது. பிறகு கழன்றே போனது. கார் போட்ட கூச்சலில் அக்காவின் அழுகை வாயசைப்பாக மட்டுமே தெரிந்தது.

பாலத்தைத் தாண்டி நிறுத்தினோம். பின்னால் அம்மாவோடு வாடகை வானில் வந்த சித்தப்பா, சாக்கால் பிடித்துச் சைலன்சரைத் தூக்கி வந்தார். நான் டிக்கியைத் திறந்து, அடிப்பலகையை உயர்த்தினேன். ஸ்பெயார் ரயருக்குப் பக்கத்தில், பரலோகத்துப் பொறுமையோடு, பால்மா ரின் கிடந்தது. முந்தின நாள் சித்தப்பாவின் இடுப்புத்தான் அதை அமுக்கி வைத்திருந்திருக்கிறது.

அம்மா வானிலிருந்து ஓடிவந்து ரின்னை அணைத்துக்கொண்டார். "மாதாவே, மண் கொட்டேல்லை!"

"இதை இங்க ஒளிச்சு வச்சதை ஏனம்மா சொல்லேல்லை?"

"நீதானே சைலன்சர் எண்டனி? படிச்ச பிள்ளை, சரியாத்தான் இருக்கும் எண்டு நினைச்சன்."

வங்காலை வரை உறுமிக்கொண்டு போனோம். எந்த ஹோர்னுக்கும் அசையாத மன்னார்க் கழுதைகள் அன்று தெருவை விட்டே ஓடின. நிச்சயம் பிந்திவிட்டோம். ஆனால் கோயில் வாசலில் பூசை உடுப்போடு ஃபாதர் நின்றார். பூசையைத் தொடங்கப் போனவர், தூரத்தில் கேட்ட சத்தம் என்னவென்று பார்க்க வெளியே வந்துவிட்டாராம்.

"பொம்பிளை என்ன, ட்ரக்டரிலயோ வருது?"

ஆக, அக்காவின் கலியாணத்தை உரிய நேரத்தில் நடத்திவைத்தது நான்தான். இந்தக் கோணத்தை வீட்டில் இன்றுவரை ஒருவரும் ஏற்கவில்லை. ரின் மறுபடி டாஷ்போட்டில் இருக்கிறது. ஃபிரிட்ஜ் உறுமினாலும், மின்விசிறி கிறீச்சிட்டாலும், அத்தான் கேட்பது ஒரே கேள்வி: "டிக்கியைத் திறந்து பாத்தாச்சோ?"

போன கிழமை அக்காவின் குழந்தை வீறிட்டு அழுதது. தூக்கினால் அழுகை கூடுவதற்கான காரணங்களைப் போனில் தேடத் தொடங்கினேன். அத்தான் அதே கேள்வியைக் கேட்டார். அக்கா நாப்கினை அவிழ்த்துப் பார்த்தாள்.

சத்தத்துக்குக் காரணம் அங்கேதான் இருந்தது.