பியூகிளுக்குள் நின்ற காளை

பியூகிள் என்பது, பட்டாளத்தில் ஊதும் அந்தப் பித்தளைக் குழலைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரத் துரையின் பெயர் என்று நான் நம்பியிருந்தேன். நம்பியதோடு நில்லாமல், அந்தத் துரைக்கு ஒரு மீசையும் வைத்து ஹாஸ்டல் முழுக்கப் பரப்பியிருந்தேன்.

தொண்ணூறுகளில் சூலூர் பக்கத்து ஹாஸ்டல் அது. எங்கள் வாட்ச்மேன் பட்டாளத்தில் பியூகிள் ஊதி ஓய்வு பெற்றவர். 'பியூகிள்காரர்' என்றால்தான் தெரியும். கொங்கு நாட்டில் சூரியனையே அதட்டி எழுப்பிய மனிதர் அவர் ஒருவர்தான். காலை ஐந்தரைக்கு ஊதினால் மெஸ்ஸில் இட்லிக் குண்டா மூடி எகிறும். அதற்கும் அசையாதவனின் ஜன்னலுக்கே வந்துவிடுவார்: "ஏனுங்க தம்பி, எந்திரிச்சீங்களா, இன்னொருக்கா ஊதட்டுங்களா?" பெரும்பாலும் அது என் ஜன்னல்.

துரை கதை காதில் விழுந்ததும் கொதித்துப்போனார்.

"தொரையுமில்ல, கிரையுமில்லீங்க! பியூகிள்னா எளங்காளைங்க. மொதல்ல மாட்டுக்கொம்புலதான் ஊதுனாங்க. அதை ஊதறவன் பியூக்ளர். என்ர தொழில் பேருக்குள்ள காளை நிக்குதுங்க. எங்கூட்டுலயும் நிக்குது, காங்கேயங்காளை!"

விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்த வருடம் புது வார்டன் மின்சார மணி வாங்கி வந்தார். ஹாஸ்டல் தின விழாவோடு பியூகிளுக்கு ஓய்வு என்று அறிவித்தார். விழாத் தொகுப்பாளன் நான். பியூகிள்காரர் என்னைத் தேடி வந்தார்.

"காளை சமாச்சாரத்தைச் சொல்லிப்போட்டு என்னையக் கூப்புடுங்க கண்ணு. கடைசியா ஊதறேன். அது போதும்."

சிறப்பு விருந்தினரோ ஆங்கிலப் பேராசிரியர். அவர் முன்னால் காளையை அவிழ்த்துவிட்டால் என் மானம் என்னாவது? மேடையில் காளையை விழுங்கிவிட்டு, "அடுத்து பியூகிள்" என்றேன். பியூகிள்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மைக்கை வாங்கித் தானே முழுக்கச் சொல்லிவிட்டார். நான் திரைக்குப் பின்னால் பாய்ந்தேன். செருப்பு மட்டும் வெளியே தெரிந்ததாம்.

பேராசிரியர் எழுந்தார். "அவர் சொல்றது ரொம்பச் சரி. லத்தீன்ல இளங்காளைங்கற சொல்லுதான் மூலம்."

கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "அப்ப மீசை வெச்ச தொரை?"

"எந்தத் துரை?" என்றார் பேராசிரியர்.

பியூகிள்காரர் என் செருப்பைப் பார்த்தார். "அவுரு செத்துப்போயிட்டாருங்க."

பிறகு ஊதினார். கூரைத் தகரம் அதிர்ந்து அடங்கியதும் பேராசிரியர் வார்டனிடம், "இவர் இருக்கறப்ப மணி எதுக்குங்க?" என்றார். மணி மெஸ் வாசலுக்குப் போனது.

மறுநாள் காலை ஐந்தரைக்கு பியூகிள் ஒலித்தது. மூன்று வருடத்தில் முதல்முறையாக, அதற்கு முன்பே எழுந்து ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன்.