ஸ்பீக்கர் நானாவும் பேசாத கொக்கும்

புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடையில் ஸ்பீக்கர் நானாவின் குரல் எட்டாத இடம் என்று ஒன்று கிடையாது. பாலாவிச் சந்தியில் நின்று அவர் தேத்தண்ணி கேட்டால் உப்பளத்தில் வேலை செய்பவர்களும் கோப்பையை நீட்டுவார்கள். சிமெந்து லொறிக்காரர்கள் ஹோர்ன் அடிப்பதை நிறுத்திவிட்டு அவருக்கு வழிவிடுவார்கள்.

கல்யாணமோ திருவிழாவோ தேர்தலோ, ஒலிபெருக்கி, மேசை, கதிரை எல்லாம் வாடகைக்கு அவரிடம்தான். வாழ்நாள் முழுவதும் குழாய் ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்திலேயே நின்றதில் காது பாதி போய்விட்டது. அதை அவர் ஒப்புக்கொண்டதில்லை. "சனம் இப்பெல்லாம் மெதுவாக் கதைக்கிது" என்பதுதான் அவருடைய முறைப்பாடு. கல்யாண வீட்டில் யாராவது பகிடி விட்டால் நானா முதலில் எங்கள் முகங்களைப் பார்ப்பார். நாங்கள் சிரித்து ஓய்ந்து வட்டிலப்பத்துக்குக் கை நீட்டும்போது அவருடைய சிரிப்பு தனியாகப் புறப்படும். என்ன பகிடி என்று அவருக்குத் தெரியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

போன வருடம் தலவிலத் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டப் போனவர், வழியில் கருவாடு போடும் மேரி அக்காவின் கடற்கரை மீன்வாடியில் கருவாடு வாங்க இறங்கினார். கருவாடு காயும் பரண்களுக்கு மேலே, காகம் விரட்டக் கறுப்பு நாடாக்கள் தொங்கின. நானா ஒன்றைப் பிடித்து வெயிலுக்கு நேரே பார்த்தார். நாடா முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தொப்பி போட்ட ஒரு கொக்கு.

"மேரி! இது எங்கால?" அந்தச் சத்தத்திலேயே காகங்கள் போய்விட்டன.

"பழைய பங்களா இடிக்கேக்க கிடைச்ச தகரப் பேணி நானா. நேத்துத்தான் வெட்டிக் கட்டினன். மிச்சம் உள்ள கிடக்கு."

"எல்லாத்தையும் கழட்டு!"

"கழட்டினா காகத்தை ஆர் விரட்டுறது? நீங்களா?"

நானாதான் விரட்டினார். மேரி அக்கா கடைசி நாடாவை அவிழ்க்கும்வரை பரண்களுக்கு நடுவில் நின்று கத்தினார். பதிலுக்குக் கட்டுவதற்கு, மணமேடைக்கு வைத்திருந்த ஜரிகைத் தோரணங்களைக் கொடுத்தார். அந்த வாரம் மேரி அக்காவின் கருவாடு கல்யாணக் களையோடு காய்ந்தது.

நான் அப்போது நானாவின் கடைக்கு அடுத்த அறையில் குடியிருந்தேன். ஆகவே கணினி சம்பந்தமான தொல்லையெல்லாம் என் தலையில். கொக்கைப் படம் பிடித்து வெளிநாட்டுப் பழம்படக் காப்பகம் ஒன்றுக்கு அனுப்பினேன். படங்கள் பேசத் தொடங்குவதற்கு முந்திய காலத்துக் கார்ட்டூன் என்றும், உலகத்தில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை என்றே நினைத்திருந்ததாகவும் பதில் வந்தது. அந்தக் காலத்துப் படச்சுருள் சட்டென்று தீப்பற்றும், பற்றினால் தண்ணீருக்கும் அணையாது, கவனம் என்றும் எழுதியிருந்தார்கள்.

அவ்வளவுதான். நானா வீட்டு அடுப்பை அணைத்துவிட்டார். அவர் மனைவி, எங்கள் மதினி, முற்றத்தின் கோடியில் மூன்று கல்லை வைத்து, நானாவையும் கொக்கையும் ஒன்றாகத் திட்டிக்கொண்டே சமைத்தார். பீடியோடு கடைக்கு வந்தவர்களை நானா சந்திவரைக்கும் துரத்தினார். மற்ற நேரமெல்லாம் மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால், நாடாவில் ஒட்டிய உப்பையும் மீன் செதிலையும் மூச்சு விடாமல் துடைத்தார். ஊர்ப் பூனைகள் அவர் பின்னாலேயே திரிந்தன.

"ஏன் நானா இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"பேச்சில்லாத படம் தம்பி. உனக்கு விளங்குற அளவு எனக்கும் விளங்கும். ஒருக்காவாவது எல்லாரோடயும் சேந்து சிரிக்கணும்."

அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

துடைத்து முடிந்ததும் வாடகை மேசைகளை ஒன்றோடொன்று ஒட்டிப் போட்டு, துண்டுகளைக் கதைப்படி ஒரே வரிசையில் அடுக்கினார். நான் கட்டம் கட்டமாகப் போனில் பிடித்துக் கணினியில் கோத்தேன். கல்யாண வீடுகளுக்குக் கொடுக்கும் புரொஜெக்டரோடு, பொழுது பட்டதும் மேரி அக்காவின் வாடிக்குப் போனோம். நானா பழக்கதோஷத்தில் நாலு பெரிய ஸ்பீக்கரும் கட்டிவிட்டார்.

"படத்துக்குச் சத்தமே இல்லையே நானா?"

"சத்தமில்லையெண்டு சனத்துக்குச் செல்லணும்தானே!"

சொன்னார். கடலில் நின்ற வள்ளங்களுக்கும் கேட்டிருக்கும்.

படம் ஓடியது. கடலுக்குள்ளிருந்து ஒரு தோணி மேலே வந்தது. அதில் ஊதிப் பெருத்த கொக்கு. அது வாயைத் திறந்து ஒவ்வொரு மீனாகக் கடலில் துப்பியது. துப்பத் துப்ப மெலிந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. நானா ஓதப்பள்ளியில் அரபு ஓதின பழக்கத்தில் எதையும் வலப்பக்கத்திலிருந்து அடுக்குகிறவர். நானோ இடப்பக்கத்திலிருந்து படம் பிடித்திருக்கிறேன். பேராசைக் கொக்கு மீனைத் தின்று தின்று தோணியோடு மூழ்கும் கதை, தலைகீழாக ஓடிக்கொண்டிருந்தது.

வாடியில் ஒருவரும் சிரிக்கவில்லை. மீன்பிடிக்கிற சனம் திகைத்துப்போய் இருந்தது. "இவன் என்ன, புடிச்சதெல்லாத்தையும் திரும்பக் கடல்லயே விடுறான்?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அத்தனை நாள் உழைப்பும் பாழ் என்று நான் நானாவின் பக்கம் திரும்பினேன்.

நானா யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. பிறகு அந்தச் சிரிப்பு வெடித்தது பாருங்கள், மைக் வேறு கையில்! நாலு ஸ்பீக்கரும் சேர்ந்து சிரித்தன. அதற்குப் பிறகுதான் மேரி அக்கா சிரித்தார், வாடி சிரித்தது, நானும் சிரித்தேன்.

"திருத்தித் தாறன் நானா" என்றேன்.

"திருத்து. வெளிநாட்டாளுக்குச் சரியானதை அனுப்பு. நமக்கு இதுதான்," என்று கண்ணைத் துடைத்தார்.

இப்போதும் எங்கள் பக்கம் கல்யாண வீடுகளில் பகிடிக்குக் குறைவில்லை. நான் மட்டும் நானாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தொடங்கும்வரை என் சிரிப்பைப் பிடித்து வைத்திருக்கிறேன்.