இடது காது அடித்த விசில்

ஒரு காலத்தில் நான் காதால் விசில் அடித்திருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. அடிக்க வேண்டும் என்று நினைத்து அடித்ததும் இல்லை. அதுவாக அடித்தது.

தெருவுக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் முளைத்துக்கொண்டிருந்த தொண்ணூறுகள். நன்னிலத்தில் என் வயதுப் பையன்கள் ஒவ்வொருவராக துபாய், சவூதி என்று பறந்துகொண்டிருந்தார்கள். நான் மட்டும் ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன் சர்டிபிகேட்டை பீரோவில் வைத்துவிட்டு, அத்தாவின் ஜவுளிக்கடையில் லுங்கி மடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தஞ்சாவூரில் ஒரு ஏஜென்ட் கல்ஃப் வேலைக்கு இண்டர்வியூ வைப்பதாகச் செய்தி வந்தது.

"காதுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாப்பாங்கடா. அழுக்கு இருந்தா ரிஜெக்ட்" என்றான் நண்பன் ஒருவன். (அவன் அதுவரை ஒரு இண்டர்வியூவுக்கும் போனதில்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.)

உடனே தங்கை பரீதாவின் கொண்டை ஊசியை எடுத்துக்கொண்டு, கதவோரம் நின்று இடது காதைத் தூர்வார ஆரம்பித்தேன். கண்ணை மூடிக்கொண்டு, சொர்க்கத்துக்குப் பாதி தூரம் போயிருப்பேன். "அண்ணே, சோறு ஆறுது!" என்று பரீதா கதவைத் தள்ள, கதவு என் முழங்கையில் இடிக்க, காதுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். வீடு ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

அத்தா என்னை தஞ்சாவூர் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். அந்த அம்மா நெற்றியில் கட்டிய கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துவிட்டு, "செவிப்பறையில ஓட்டை போட்டுட்டீங்க" என்றார்.

"பறைன்னா... பெருசுங்களா டாக்டர்?" என்றார் அத்தா கலவரத்துடன்.

"சுண்டுவிரல் நகம் அளவுதாங்க. அதுலயே மூணு அடுக்கு. வெளியில தோலு, நடுவுல நாரு, உள்பக்கம் ஈரமான சவ்வு. சத்தம் பட்டா அதிரும், அந்த அதிர்வைக் குட்டிக்குட்டி எலும்பு மூணு உள்ள கொண்டுபோகும். உங்க பையனுக்கு மிளகு அளவு ஓட்டை. வரப்புல நண்டு வளை போட்ட மாதிரி. ஆறு வாரத்துல தானா மூடிக்கும். காதுல தண்ணி படக்கூடாது, மூக்கை பலமா சிந்தக்கூடாது, தும்மல் வந்தா அடக்கக்கூடாது."

"தும்மலுக்கும் காதுக்கும் என்னங்க?"

"மூக்குக்குப் பின்னாடியிருந்து காதுக்கு ஒரு சின்ன வாய்க்கால் ஓடுதுங்க. அடக்குனா காத்து அது வழியா மேல ஏறி, ஓட்டை வழியா வெளியில வந்துரும்."

அத்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். "படிக்க வச்சதுக்கு மடையைத் திறந்துட்டு வந்திருக்கான்" என்றார்.

ஆறு வாரம் பொறுக்க முடியுமா? நாலாம் நாள் இண்டர்வியூ. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு போனேன். வாசலில் ஏஜென்ட், "பஞ்சை எடுங்க தம்பி, சீக்காளின்னு நெனைப்பாரு" என்று பிடுங்கிப் போட்டார்.

லாட்ஜ் மாடி ஹால். இரண்டிரண்டு பேராகக் கூப்பிட்டார்கள். என் இடது பக்கத்தில் உட்கார்ந்தவர் கூத்தாநல்லூர் சலீம். வராந்தாவில் காத்திருந்தபோதே, இரண்டு இண்டர்வியூவில் தோற்றாயிற்று, இது மூன்றாவது, அம்மா நோன்பு வைத்திருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தார். எதிரே மேசைக்குப் பின்னால் எகிப்துக்கார மேனேஜர். குளித்தாரோ இல்லையோ, ஒரு குப்பி அத்தரை அப்படியே ஊற்றிக்கொண்டு வந்திருந்தார்.

உட்கார்ந்த ஐந்தாவது நொடி தும்மல் வந்தது. கல்ஃபுக்குப் போகிறவன் மேனேஜர் முகத்தில் தும்மலாமா? மூக்கைப் பிடித்து அடக்கினேன்.

'உய்ய்ய்ங்!'

மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். (நடிப்புக்குப் பரிசு இருந்தால் அன்று எனக்குத்தான்.) சலீமின் சர்டிபிகேட்டை அவர் புரட்டும்போது மறுபடியும் 'உய்ய்ய்ங்!' மூன்றாவது விசில் ரயில் கிளம்புகிற மாதிரி நீளமாக வந்தது. மேனேஜர் எழுந்துவிட்டார். சத்தம் என் இடது பக்கத்திலிருந்து வந்தது. இடது பக்கத்தில் சலீம்.

"தன்னைக் கிண்டல் பண்றீங்களான்னு கேக்குறாரு. வெளிய போகச் சொல்றாரு" என்று ஏஜென்ட் மொழிபெயர்த்தார்.

"வல்லாஹி, அல்லா மேல சத்தியமா நான் இல்லைங்க!" என்றார் சலீம். மேசையிலிருந்த ஃபைலை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தார்.

நான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம்தான். (சரி, அவர் கதவுவரை போகிற நேரம்.) அவர் கதவில் கை வைத்ததும் அவருடைய அம்மாவின் நோன்பு நினைவுக்கு வந்து தொலைத்தது.

"சார்! விசில் அடிச்சது நான்தான். காதால."

"காதாலயா?" ஏஜென்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதை நான் எப்படிங்க சொல்றது?"

சொல்ல வேண்டாம் என்று மூக்கைப் பிடித்து ஊதிக் காட்டினேன். 'உய்ய்ய்ங்!'

மேனேஜர் மேசையைச் சுற்றி ஓடிவந்தார். என் காதில் தன் காதை வைத்து, "அகைன்!" என்றார். ஊதினேன். டிஷ்யூ பேப்பரைப் பிடித்துப் பார்த்தார். அது கொடி மாதிரி படபடத்தது. மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து தன் கூட்டாளியை இழுத்து வந்து "அகைன்!" என்றார். எனக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. வேலை கிடைத்தே விட்டது என்று நினைத்து, நுரையீரலில் இருந்த மொத்தக் காற்றையும் திரட்டி ஊதினேன்.

ஹால் ராட்டினமாகச் சுற்றியது. நான் மேசைமேல் கவிழ, பிளாஸ்க் கவிழ, அன்று வந்திருந்த அத்தனை பேரின் பயோடேட்டாவும் டீயில் மிதந்தன. நனையாமல் தப்பியது சலீம் நெஞ்சோடு அணைத்திருந்த ஃபைல் மட்டும்.

மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பு சொன்னார். என்னைக் காட்டி, "ஹாஸ்பிடல்." சலீமைக் காட்டி, "விசா."

டாக்டரம்மா திட்டியதை எழுதினால் தாள் தாங்காது. ஆறு வாரத்தில் மூட வேண்டிய ஓட்டை மூன்று மாதம் கழித்துத்தான் மூடியது. மறுவருஷம் எனக்கு விசா அனுப்பியது சலீம்தான். நான் கிளம்புவதற்கு முன் அவர் லீவில் வந்தபோது என் காதை விசாரிக்க வீட்டுக்கு வந்தவர், பரீதா டீ கொண்டுவந்த பிறகு காதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அடுத்த லீவில் இருவருக்கும் நிக்காஹ்.

அவர்களுடைய பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொன்னது நான் செய்த தப்பு. பெருநாளுக்குப் பெருநாள் வீட்டில் கூட்டம் கூடியதும், "மாமா, காதால விசில் அடிங்க!" என்று என்னை நடுவில் உட்கார வைத்துவிடுகிறார்கள். நான் மூக்கைப் பிடித்து ஊதுவேன். முகம் பீட்ரூட்டாகச் சிவக்குமே தவிர, காதிலிருந்து ஒரு மூச்சுகூட வராது. "மாமா புளுகு!" என்று ஒரே கூச்சல்.

"மச்சான், நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. அடிச்சேனா இல்லையா, சொல்லுங்க" என்று கடைசியில் சலீமிடம் கெஞ்சுவேன். உலகத்தில் எனக்கிருக்கும் ஒரே சாட்சி.

அவர் பிரியாணித் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, மகா யோக்கியமான முகத்தோடு சொல்வார்:

"எனக்கு அன்னிக்குக் காது அடைச்சிருந்துச்சே மச்சான்."