சீலாக் குழம்பும் பதிவாளர் நாற்காலியும்

தூத்துக்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய சம்பந்தி அய்யாக்குட்டி அண்ணாச்சிக்கு வெள்ளத்துரை எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் மகள் பேச்சிச்செல்வியும் நலம். கப்பலில் இருக்கும் என் மகனும் நலம் என்று போன் செய்தான். ஆழ்வார்திருநகரியில் நீங்களும் மதினியும் வயலும் நலமாக இருக்க வேண்டும்.

முதலில் உங்களுக்கு நன்றி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்ந்த இந்தக் கட்டைக்கு இப்படி ஒரு மருமகளைக் கொடுத்தீர்களே. பல்கலைக்கழகத்தில் இவளைவிட மூத்த பேராசிரியர் இன்று யாரும் இல்லை. பதிவாளர் பதவி காலியானதும் இவளுக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். இத்தனை வருஷமாக எந்த விழா நடந்தாலும் இவளுக்குக் கொடுப்பது நன்றியுரை. கூட்டம் சாப்பாட்டுக்கு எழுந்து போன பிறகு காலி நாற்காலிகளுக்கு நன்றி சொல்லிவிட்டு வருவாள். இனிமேல் மேடையில் நடு நாற்காலி இவளுக்கு என்று நான் பட்டு வேட்டியைக்கூட வெளியே எடுத்து வைத்தேன்.

தேர்வுக் குழுவில், ராத்திரி கூட்டம் வந்தால் வீட்டை யார் பார்ப்பது என்று கேட்டிருக்கிறார்கள். "எங்க மாமா நல்லா சமைப்பாக" என்றிருக்கிறாள். அதையும் பார்த்துவிடலாம் என்று ரெண்டு பேராசிரியர்கள் நம்ம வீட்டுக்கே வந்துட்டாங்க அண்ணாச்சி, யாரு வருவா இந்தக் காலத்துல, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல, சீலா மீன் வாங்கி குழம்பு கூட்டி அடுப்புல வச்சுட்டு, கிரேன் உச்சியில நான் மாட்டிக்கிட்ட கதையைச் சொல்ல ஆரம்பிச்சேன், கதையில நான் கீழ இறங்குறதுக்குள்ள குழம்பு அடிப்பிடிச்சு, புகை தெரு வரைக்கும் போய், எதுத்த வீட்டு செல்லக்கனி குடத்துத் தண்ணியோட ஓடி வந்து அடுப்பு, குழம்பு, ஒரு பேராசிரியர் மூணையும் நனைச்சுட்டா. அவங்க கோபப்படல. "பெரியவர் சிரமப்படக் கூடாது"ன்னு என் கையைப் பிடிச்சுச் சொன்னாங்க. பதவியை இவளுக்கு இளையவரான சிவப்பிரகாஷுக்குக் கொடுத்துட்டாங்க. எனக்காக இவ்வளவு யோசிச்சாங்களே, அவங்களுக்கும் நன்றி. ஆனா என் குழம்பால புள்ளைக்குப் போச்சேன்னு மனசு கிடந்து அடிச்சுக்கிடுது. நேத்தும் அவ எனக்குத்தான் முதல்ல சோறு போட்டா.

மதினிக்கு என் வணக்கம். திருச்செந்தூரான் நம் எல்லோரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
வெள்ளத்துரை

பின்குறிப்பு: உறையில் விலாசம் எழுதக் கொடுத்தபோது பேச்சிச்செல்வி இதை வாசித்துவிட்டுச் சிரித்தாள். "மாமா, அவங்க இங்கன வாறதுக்கு முந்தியே அவருக்குன்னு முடிவு பண்ணியாச்சு. சிவப்பிரகாஷ் வீட்டு அடுப்பை யாராச்சும் பாக்கப் போனாகளா?" அவர் பதவியேற்கும் விழாவிலும் இவளுக்கு நன்றியுரையாம். முடியாது என்று சொல்லிவிட்டாள். பதவி தனக்கு ஏன் இல்லை என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்திலும் கேட்டிருக்கிறாள். ஆகையால் அந்தப் பேராசிரியர்களுக்கு மேலே சொன்ன நன்றியை நான் திருப்பி எடுத்துக்கிடுதேன். உங்களுக்குச் சொன்னது அப்படியே இருக்கட்டும். செல்லக்கனிக்குத்தான் சொல்லாம விட்டுட்டேன். இப்பவே போய்ச் சொல்லிட்டு வாரேன்.