நீங்கள் இல்லாமலும் நடக்கும்

காலையிலிருந்து ஒருவர்கூடப் பெர்னார்டைத் தேடி வரவில்லை. பொம்மசந்திராவில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசர் அவர். "டேப் தீர்ந்துட்ச்சு சார்", "லாரி வந்துட்ச்சு சார்" என்று டீ குடிக்கவிடாமல் பிடுங்கியெடுத்தவர்கள், இப்போது போகிறபோக்கில் வணக்கம் மட்டும் சொன்னார்கள்.

எல்லாம் வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் சிவசங்கரன் நடத்திய தலைமைப் பண்பு வகுப்பின் வேலை. கம்பெனி செலவில், மதியச் சாப்பாட்டோடு நடந்த வகுப்பு.

"நீங்க இல்லாமலும் உங்க பிரிவு நடக்கணும். அப்படி நடத்துறவர்தான் லீடர்" என்றார் சிவசங்கரன்.

பெர்னார்டுக்குப் புல்லரித்தது. தங்கவயலிலிருந்து வந்து இத்தனை வருஷம் லோல்பட்டது எதற்கென்று அன்றுதான் புரிந்தது. மறுநாளே ஸ்டோர் சாவியைத் தம் பிரிவிலிருந்த சுனிதாவிடமும், லாரிக்காரர்களை முனிராஜிடமும் ஒப்படைத்தார்.

இப்போது அவரிடம் மிச்சமிருந்தது நாற்காலி மட்டும்தான். அதுவும் போய்விடுமோ என்று பயம் பிடித்தது.

மீட்டிங் போட்டார். "யாருக்கு இன்னா பிரச்சினைன்னாலும் தைரியமா சொல்லுங்க."

"ஒரு தொந்தரேயும் இல்ல சார்" என்றாள் சுனிதா. "மீட்டிங் முடிஞ்சா லோடு ஏத்திடலாம்."

லீவு போட்டால் அருமை தெரியும் என்று நினைத்தார். சந்தாபுரா வீட்டில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அது மூச்சே விடவில்லை.

"பிரிசில்லா, உன் போன்ல இருந்து ஒரு கால் போடு. இது வேலை செய்யுதான்னு பாக்கணும்."

மனைவி போட்டாள். நன்றாகவே அடித்தது.

"இதுக்கா லீவு போட்ட?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள்.

சாயங்காலம் சுனிதாவே கூப்பிட்டாள். பெர்னார்ட் துள்ளி எழுந்தார். "சொல்லும்மா, இன்னா சிக்கல்?"

"உங்க சேரை அந்தாண்ட போட்டுக்கலாமா சார்? பெட்டி அடுக்க எடம் பத்தல."

மறுநாள் விடிந்ததும் ஓடினார். யாரும் வருவதற்குள் டேப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போய் நின்றார். டேப் இல்லாமல் தவிப்பார்கள், தம்மைத் தேடுவார்கள் என்று கணக்கு. தேடி வந்தது மேனேஜர் வீணா.

"டேப்போட இங்க என்ன பண்றீங்க பெர்னார்ட்?"

"பத்திரமா வெக்கலாம்னு... மேடம்."

"அங்க வேலை ஆரம்பிச்சாச்சு. சுனிதா நேத்தே வேற டேப் வாங்கி வெச்சுட்டா. நீங்க லீவுல இருந்ததே எனக்கு இப்பத்தான் தெரியும். அடுத்த மாசத்துல இருந்து பேக்கிங்கை அவளே பாத்துக்கட்டும்."

"அப்ப நான் மேடம்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

பெர்னார்ட் நேராகப் பயிற்சி அறைக்குப் போனார். அடுத்த கூட்டம் உள்ளே உட்கார்ந்திருந்தது. வாசலில் சிவசங்கரன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னதை ஒண்ணு விடாம செஞ்சேன் சார். மூணே வாரத்துல நான் யாருக்கும் வேணாம்னு ஆயிட்ச்சு. வீட்ல போய் இன்னா சொல்வேன்?" குரல் உடைந்துவிட்டது. அழுகையை அடக்கப் பெரும்பாடு பட்டார்.

சிவசங்கரன் டீயை வைத்துவிட்டு அவர் தோளைத் தட்டினார். மைக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"மூணே வாரமா? என்னையும் வேணாம்னு பழைய கம்பெனி வெளிய அனுப்பி, நான் இந்த வேலைக்கு வர ஆறு மாசம் ஆச்சு. நீங்க நல்லா வருவீங்க, உள்ள போங்க!"