சலவைக்கூடத்தில் ஒரு மஸ்ட்

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை, என் முழங்கால் வலி மூவரும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள், உங்கள் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை மாத்திரை போட்டுக்கொண்ட பிறகு படிக்கவும்.

ஆறு வருடத்துக்கு முன் உங்கள் வீட்டு முன்னறையில், உறவினர் பதினாறு பேர் சுற்றி உட்கார்ந்திருக்க, "இவரு தலைகீழா நின்னாலும் சூப்பர்வைசர் ஆக மாட்டாரு. இங்கிலீஷ்ல ஒரு நோட்டீஸ் எழுதத் தெரியுமா இவருக்கு?" என்று கேட்டீர்கள். சொன்ன உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு அந்தப் பதினாறு பேரும் யார் யார், எந்த நாற்காலியில் இருந்தார்கள் என்பது வரை நினைவிருக்கிறது. உங்கள் தங்கை அப்போது தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். போகட்டும். இப்போது சொல்கிறேன், மச்சான்: பரீட்சை எழுதினேன், தேறிவிட்டேன், இங்கிலீஷில்.

எப்படி என்று கேட்பீர்கள். எங்கள் ஓட்டல் சலவைக்கூடத்தில் மூன்றாம் நம்பர் மிஷின் பழையது, ஓடும்போதே இழுத்தாலும் கதவு திறந்துகொள்ளும். அதன் மேல் பழைய சூப்பர்வைசர் ஒரு நோட்டீஸ் எழுதி ஒட்டினார். மஸ்ட் போட வேண்டிய இடத்தில் மே போட்டுவிட்டார். அதாவது, கதவைத் திறக்குமுன் மிஷினை நிறுத்தியே ஆக வேண்டும் என்பதற்குப் பதிலாக, விருப்பமிருந்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. துணி உலர்த்தும் எங்கள் ஆள், அவனை எல்லோரும் டிரையர் என்றுதான் கூப்பிடுவோம், அவனுக்கு அன்று விருப்பமில்லை. சோப்பு நுரை முழங்கால் வரை வந்து, நடையைத் தாண்டி, வரவேற்பறைக் கம்பளத்தில் ஏறி, பெட்டியோடு நின்றிருந்த ஒரு பெரிய மனிதரின் காலணிக்குள் போய்விட்டது. டிரையர் மேனேஜரிடம், "நிறுத்தலாம்னுதானே சார் போட்டிருக்கு, நிறுத்தணும்னு போடலையே" என்றான். அவனை ஒன்றும் செய்ய முடியவில்லை. சூப்பர்வைசரைத்தான் வேறு கிளைக்கு மாற்றினார்கள். அடுத்த சூப்பர்வைசர் யாராக இருந்தாலும், மஸ்ட், ஷுட், மே, மைட், குட் எல்லாம் எங்கே போடுவது என்று பரீட்சை எழுதித் தேறித்தான் வர வேண்டும், ஐந்து வருட வேலை அனுபவமும் வேண்டும் என்று மேனேஜர் அறிவித்தார். எனக்கு உங்கள் முன்னறை கண் முன்னே வந்தது. முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன்.

கொடுத்த பிறகுதான் பாடப் புத்தகம் வாங்கினேன். புத்தகத்தைத் திறந்தால் ஒரு சொல்லுக்கு நாலு வேலை, ஒரு வேலைக்கு மூன்று சொல். எட்டு வாரம் இருந்தது. முதல் வாரம் முழுக்க முதல் பக்கத்திலேயே போயிற்று. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் நம் குடும்பத்தில் ஒரு ஆளை நியமித்துச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டினேன். மஸ்ட் உங்கள் தங்கை. அவள் சொன்னால் சொன்னதுதான், மேல்முறையீடு கிடையாது. மைட் என் மகன். ஞாயிறு வந்தாலும் வருவான், வராமலும் போவான், சோற்றை மட்டும் வைத்துவிட வேண்டும். மே என் மகள். போகட்டுமா அப்பா என்று அனுமதி கேட்பாள், கேட்கும்போதே செருப்பு போட்டிருப்பாள். குட் நான்தான், ஒரு காலத்தில் நாற்பது ஈரப் போர்வையை ஒரே தூக்காகத் தூக்க முடிந்தது. ஷுட் நீங்கள், மச்சான். கோபித்துக்கொள்ள வேண்டாம். ஷுட் என்றால் அறிவுரை. கேட்டால் நல்லது, கேட்காவிட்டால் யாரும் பிடித்து உள்ளே போட மாட்டார்கள்.

மகனுக்கு மைட் என்றதில் வருத்தம், ஒரு மாதம் வரவில்லை. அதனால் எனக்கு அந்தச் சொல் இன்னும் நன்றாகப் பதிந்தது. பாடத்தைத் தினமும் உங்கள் தங்கைதான் கேட்பாள். காய் நறுக்கிக்கொண்டே, விடைப் பக்கத்தை இடது கையால் மூடிக்கொண்டு, "இருபத்தேழாவது. நேத்து மழை பெய்திருக்கணும்னு ஊகிக்கிறோம். எது வரும்?" என்பாள். நான் ஷுட் என்பேன். "இல்ல. யோசிச்சுப் பாருங்க" என்பாள். மூன்றாவது வாரத்துக்கு மேல் அவள் புத்தகத்தைப் பார்க்காமலேயே கேள்வி கேட்க ஆரம்பித்தாள். கண் வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, சொட்டு மருந்து வாங்கிவந்து கொடுத்தேன். நான் அக்கறை இல்லாதவன் என்று நீங்கள் சொல்வீர்களே, அதற்காக இதை எழுதுகிறேன்.

பரீட்சை நாளில் வந்தது ஆபத்து. பத்துப் பேருக்குக் குறைந்தால் பரீட்சை நடக்காது என்பது தலைமை அலுவலக விதி. பெயர் கொடுத்தவர்கள் பத்துப் பேர். பாய்லர்காரர் பயத்திலேயே காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். வினாத்தாள் கொண்டுவந்த அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உறையைப் பைக்குள் வைக்கப் போனார். எட்டு வார உழைப்பு, மச்சான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நல்லவேளை, மூளை ஓடியது. நேரே இஸ்திரிப் பிரிவுக்குப் போய், அங்கே பன்னிரண்டு வருடமாக நின்றுகொண்டிருக்கும் உங்கள் தங்கையிடம், "சும்மா வந்து உக்காரு. பேர எழுதிட்டு ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இரு, போதும்" என்றேன். "ரோலரை நிறுத்திட்டு வரேன்" என்றாள். வந்தாள். பரீட்சை நடந்தது. ஆக, அந்தப் பரீட்சையை நடத்தியதே நான்தான் என்று சொன்னாலும் தப்பில்லை. அவள் பாவம், ஜன்னலையும் பார்க்கவில்லை. இரண்டு மணி நேரமும் குனிந்து என்னவோ எழுதிக்கொண்டே இருந்தாள், கூடுதல் தாள்கூட வாங்கினாள். கேள்விகளையே திருப்பி எழுதுகிறாளோ என்று எனக்குச் சங்கடமாக இருந்தது.

வாய்மொழித் தேர்வில் அந்த அம்மாள் ஈரத் தரையின் படம் ஒன்றைக் காட்டி, ஐந்து வாக்கியம் சொல்லச் சொன்னார். நான் கண்ணை மூடினேன். தரையில் உங்கள் தங்கையை நிறுத்தினேன், மஸ்ட் வந்தது. மகனை நிறுத்தினேன், வழுக்கி விழக்கூடும் என்று மைட் வந்தது. உங்களை நிறுத்தினேன், செருப்பு மாற்றிக்கொள்வது நல்லது என்று ஷுட் தானாக வந்தது. அந்த அம்மாள், "நல்லாத்தான் சொல்றீங்க. ஏன் சிரிச்சுக்கிட்டே சொல்றீங்க?" என்றார்.

இன்று காலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். பத்துப் பேரில் நாலு பேர் தேர்ச்சி. மார்க் போடவில்லை, பதவி யாருக்கு என்பது பிற்பகலில் தெரியும். ஆனால் கணக்கு எளிது. ஒருவன் டிரையர், அவன் அடுத்த வாரம் வேலையை விட்டுப் போகிறான். ஒருத்தி புதிதாகச் சேர்ந்தவள், ஐந்து வருட அனுபவம் இல்லை. இன்னொன்று உங்கள் தங்கை. எப்படியோ அவளும் தேறியிருக்கிறாள், எண்ணிக்கைக்கு வந்தவள்தானே, அவளைச் சேர்க்க வேண்டாம். மீதி யார்? நான்தான். சட்டைப் பையில் நீலம் ஒன்று, அதிகாரிகள் போலப் பச்சை ஒன்று என இரண்டு பேனா குத்தியாயிற்று. சாப்பாட்டு இடைவேளையில் துவைத்த தலையணை உறைகளுக்கு நடுவே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அந்தப் பதினாறு பேருக்கும் நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள். வசதிப்பட்டால் வருகிற ஞாயிறு குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வரலாம். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் என்னைப்போல நன்றாகப் படித்து முன்னுக்கு வர என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்,
சூப்பர்வைசர் (இன்னும் இரண்டு மணி நேரத்தில்)

பின்குறிப்பு: மேலே எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, அப்படியே அனுப்புகிறேன். மேனேஜர் காகிதத்தோடு என்னை நோக்கித்தான் வந்தார். நான் கையைத் துடைத்து நீட்டினேன். அவர் என்னைத் தாண்டி இஸ்திரி மேசைக்குப் போய்விட்டார். அவளுக்குத் தொண்ணூற்று மூன்று, எனக்கு ஐம்பத்தெட்டு. உங்கள் தங்கை நியமன ஆணையை நின்றபடியே படித்தாள், தலையணை உறை மாதிரி எட்டாக மடித்துப் பையில் வைத்தாள், "ரோலர்ல துணி நிக்குது, முதல்ல அதை எடுங்க" என்றாள். எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து, இவ்வளவும் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "எட்டு வாரமா உங்க தப்பையெல்லாம் யார் திருத்தினாங்க?" என்றாள். பிறகு, "ஒன்பதாவதோட என் படிப்பை நிறுத்தினப்ப, என் இங்கிலீஷ் புத்தகத்தை அண்ணன் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுட்டார். அன்னிக்கு அழுதேன்" என்றாள். இது எனக்குத் தெரியாது, மச்சான். உங்களுக்காவது நினைவிருக்கிறதா? நான் சூப்பர்வைசர் ஆக மாட்டேன் என்று நீங்கள் சொன்னது பலித்துவிட்டது. ஆனால் அன்று அந்த அறையில் சூப்பர்வைசர் இருந்தாள், தட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். அது உங்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எப்படியும் பதவி என் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது. தெருமுனை வரை சொல்லிவிட்டு வந்தேன், எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடிதத்தை உறையில் போடுமுன் அவள் வாங்கி முழுக்கப் படித்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். என் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து ஒரே ஒரு இடத்தில் மட்டும் கை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரலாம் என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, மேலே பச்சை மசியில் "வந்தே ஆக வேண்டும்" என்று எழுதியிருக்கிறாள், பாருங்கள்.